பறைக்குக் கைதட்டல், அடித்த கைக்கு?

பாரதிதாசன் பிறந்த புதுவையில், பள்ளி வகுப்பொன்றில் பிரெஞ்சுப் புரட்சியை நடத்திக்கொண்டிருந்தோம். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் எனும் மூன்று சொற்களையும் கரும்பலகையில் எழுதித் திரும்பினோம். கடைசி வரிசையில் ஒரு மாணவன் மேசைமீது விரல்களால் தாளமிட்டுக்கொண்டிருந்தான். "என்ன தம்பி, சாவு மேளமா?" என்றோம். வகுப்பு சிரித்தது. அவன் கைகள் மேசைக்கடியில் மறைந்தன.

அவனுடைய தந்தை இழவு வீடுகளில் பறையிசைப்பவர் என்பதை மாலையில்தான் அறிந்தோம். கையிலே சமத்துவம் எழுதிய சுண்ணக்கட்டி, நாவிலேயோ சாதி! அந்த வெட்கமே இதனை எழுதத் தூண்டிற்று.

2018 ஜனவரி 6. சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ஒரு புதுமை மேடை. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், ராக் இசைக் கலைஞர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் இணைந்து உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு அரங்கேறிற்று. கிதாரும் டிரம்ஸும் ஒருபுறம். பறையும் சட்டியும் கட்டமோளமும் மறுபுறம். ராக்கும் ராப்பும் கானாவோடு கைகோத்தன. வடசென்னையின் இழவு வீட்டுப் பந்தலிலே விடிய விடிய ஒலித்த கானா, கோட்டும் சூட்டும் அணிந்து ஒளிவெள்ளத்தில் நின்றது. ஆடவர் குரலே ஆட்சி புரிந்த அக்கலையில் இசைவாணி எனும் பெண்ணின் குரலும் எழுந்தது, 2020இல் பி.பி.சி. வெளியிட்ட 100 பெண்கள் பட்டியலிலும் அவர் இடம்பெற்றார். குழுவின் பெயரோ, அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய 'சாதிபேதமற்ற' எனும் சொல்லிலிருந்து பிறந்தது.

மகிழ்ந்தோம். மகிழ்ச்சிக்கிடையே ஒரு கேள்வியும் எழுந்தது: பறை மேடையேறினால், பறையிசைப்பவரும் ஏறிவிடுவரோ?

"கலைக்குச் சாதி ஏது? பாட்டைக் கேள், பாடியவன் யாரெனக் கேளாதே" என்பர் ஒருசாரார். செவிக்கு இனிய வாதம். ஆனால், அமெரிக்காவில் நடந்ததென்ன? ஹட்டி லெட்பெட்டர் எனும் கறுப்பினப் பாடகரை 1933இல் லூசியானாச் சிறையிலே கண்டு, அவர் பாட்டைப் பதிவு செய்தார் ஜான் லோமாக்ஸ். 1949 டிசம்பரில் அப்பாடகர் மறைந்தார். அவர் பாடிப் பரப்பிய 'குட்நைட், ஐரீன்' எனும் பாட்டு, வீவர்ஸ் எனும் வெள்ளையர் குழுவின் குரலில் 1950இல் நாடெங்கும் முதலிடம் பெற்றது! பாடியோர் தீயவரல்லர், அப்பாட்டை நேசித்தவர்களே. எனினும், புகழ் வந்த வேளையில் பாடகர் புதைகுழியில் இருந்தார். "யாரெனக் கேளாதே" என்பதன் பயன் இதுதான்.

"பறை அடிமைச் சின்னம், எறிந்துவிடு!" என்பர் மற்றொரு சாரார். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஊரார் ஆணைக்கு அடித்தாக வேண்டும் என்பதே சிற்றூர்களில் சட்டமாயிருந்தது. அடிக்க மறுத்தவர் அடிபட்டதுண்டு. அந்த மறுப்பு, தன்மானத்தின் குரல். ஆனால், குற்றம் கருவியின் மேலதா? மிருதங்கத்தின் இருபுறமும் தோல்தானே! மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் இன்றி அதற்கு நாதமேது? அது சபையிலே அமர்கிறது; பறையோ சேரியிலே நிறுத்தப்பட்டது. தோல் தோல்தான், தீட்டு மட்டும் ஒன்றுக்கு உண்டு, மற்றொன்றுக்கு இல்லையோ? தீட்டு தோலில் இல்லை தோழர்களே, "வந்து அடி" என்று ஆணையிட்டவன் மூளையில் இருக்கிறது!

ஆகவே, நாம் கண்ட முடிவு இது. கட்டாயத்தால் அடித்தால் அடிமைத்தனம். விரும்பி அடித்தால் கலை. மறுக்கும் உரிமை உள்ளவனுக்கே இசைக்கும் உரிமையும் பொருளுடையது. ஒரு மேடை உயர்ந்ததா என்பதைக் கைதட்டலின் ஓசையால் அளக்காதீர். கலைஞனுக்குப் பெயர் உண்டா, ஊதியம் உண்டா, சம இருக்கை உண்டா, "இன்று அடிக்க மாட்டேன்" எனச் சொல்லும் துணிவுக்குக் காப்பு உண்டா என்று கேளுங்கள்.

கைதட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. தட்டிய அதே கையால் அவர் கையையும் பற்றுங்கள். அவர் வீட்டுத் தண்ணீரை வாங்கிப் பருகுங்கள். ஆணையிடும் நாவு உங்கள் வீட்டிலேயே இருந்தால், முதலில் அதை அடக்குங்கள்.

மறுநாள் அதே வகுப்பில், எல்லோர் முன்னிலையிலும் அம்மாணவனிடம் மன்னிப்புக் கேட்டோம். அவன் தலையசைத்தான், தாளமிடவில்லை. அவன் கைகள் இன்னும் மேசைக்கடியிலேயே இருக்கின்றன. அவை மேலே வரும் நாள்வரை, கரும்பலகையில் எழுதிய அந்த மூன்று சொற்களும் மாணவர்க்குப் பாடமல்ல, நமக்கு வீட்டுப்பாடம்.