உறை பிரிக்கப்பட்ட கடிதங்கள்

பிறர் பெயருக்கு வந்த கடிதத்தைப் பிரித்துப் படித்தல் முறையன்று என்பது நம் இல்லங்களில் சிறுவர்க்கும் சொல்லித் தரப்படும் பாடம். பினாங்கிலிருந்தும் இரங்கூனிலிருந்தும் கடிதங்கள் வந்த நாட்களில், எழுத்தறியாத தாய்க்கு அவற்றைப் படித்துக் காட்டிய பிள்ளைகூட, கண்டதை வெளியே சொல்லாமல் தாளைக் கம்பியில் குத்தி வைத்துவிட்டு விளையாடப் போய்விடும். அப்படியிருக்க, நூறாண்டுகளுக்கு முன் பிரான்ஸ் நாட்டுப் போர்முனையிலிருந்து ஒரு குதிரைப்படை வீரர் தம் மனைவிக்கு எழுதிய கடிதத்தை நாம் இன்று எந்த உரிமையால் படிக்கிறோம்? எழுதியவரும் மறைந்தார், பெற்றவரும் மறைந்தார் என்பது மட்டும் விடையாகிவிடாது. இறந்தவரிடமிருந்து கடனாகப் பெற்றதைத் திருப்பித் தரவேண்டும் என்று கருதும் நாம், அவர் சொற்களுக்கு மட்டும் உடைமையாளர் இல்லை என்று எப்படிச் சொல்வது?

1914ஆம் ஆண்டு இந்தியப் படைகள் பிரான்ஸில் சென்றிறங்கின. அடுத்த ஆண்டின் இறுதியில் காலாட்படையின் பெரும்பகுதி அங்கிருந்து அகற்றப்பட்டது. குதிரைப்படையோ 1918ஆம் ஆண்டின் தொடக்கம் வரை அங்கேயே இருந்து, பிறகு பாலஸ்தீனத்துக்கு அனுப்பப்பட்டது. ஆகவே, பிரான்ஸிலிருந்து 1916, 1917ஆம் ஆண்டுகளில் எழுதப்பட்டு நமக்குக் கிடைத்துள்ள இந்தியக் கடிதங்களில் பெரும்பாலானவை குதிரைவீரர்களுடையவை. பஞ்சாபி முஸ்லிம்கள், பட்டாணியர், சீக்கியர், ஜாட்டுகள், ராஜபுத்திரர் எனப் பலரும் அவர்களில் இருந்தனர். மழை பெய்ததா, எருமை கன்று ஈன்றதா, அடகு நிலம் மீண்டதா, வழக்கு என்னவாயிற்று என்பனவே அவர்கள் ஓயாமல் கேட்ட கேள்விகள்.

இக்கடிதங்கள் நமக்குக் கிடைத்த வழியை எண்ணிப் பார்த்தால் வியப்பும் வருத்தமும் ஒருங்கே தோன்றுகின்றன. மூலக் கடிதங்களில் மிகப் பெரும்பாலானவை சிற்றூர்களில் எங்கோ மக்கி மறைந்துவிட்டன. எஞ்சியிருப்பவை தணிக்கை அதிகாரி உறையைப் பிரித்து, ஆங்கிலத்தில் பெயர்த்து, அறிக்கையோடு இணைத்து மேலிடத்துக்கு அனுப்பிய பகுதிகளேயாம். அவை இன்று இலண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. 1999ஆம் ஆண்டு டேவிட் ஓமிஸ்ஸி என்னும் வரலாற்றாசிரியர் அவற்றிலிருந்து 600க்கு மேற்பட்ட கடிதங்களைத் தொகுத்து நூலாக்கினார். ஆக, அத்துமீறிப் பிரித்தவனே காப்பாளனும் ஆனான்! அவன் பிரிக்காதிருந்தால் நமக்கு ஒரு வரியும் மிஞ்சியிராது. இதற்காக அவனுக்கு நன்றி சொல்வதா என்று கேட்டால், நமக்கு வாய் எழவில்லை.

அக்கடிதங்கள் எழுதும்போதே அந்தரங்கமானவையாக இருந்தனவா என்ற ஐயத்தையும் சிலர் எழுப்பக்கூடும். எழுத்தறியாத வீரர் தோழரிடம் சொல்லி எழுதுவித்தார். படைப்பிரிவிலேயே ஒருமுறை அது சோதிக்கப்பட்டது. பின்னர்த் தணிக்கை அலுவலகம். இறுதியில் ஊரில் எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, வீட்டார் கூடியிருந்து கேட்டனர். இத்தனை செவிகளைக் கடந்து சென்ற கடிதத்தை நாமும் படித்தால் என்ன குறைந்துவிடும் என்பர். இவ்வாதம் நமக்கு உடன்பாடன்று. தம் சொல்லைக் கேட்போர் இன்னின்னார் என்று அறிந்தே அவ்வீரர்கள் எழுதினர். அதனாலேயே இந்திய வீரரைக் கருமிளகு என்றும், வெள்ளை வீரரைச் செம்மிளகாய் என்றும் மறைபொருளாகக் குறித்தனர். சரக்கு தீர்ந்துவருகிறது என்றால், ஆட்கள் மாண்டுவருகிறார்கள் என்று பொருள். ஊரார் கேட்கச் சம்மதித்தார் என்பதால் உலகமே கேட்கச் சம்மதித்தார் ஆகிவிடாது.

பழங்கடிதம் திரட்டுவோர் தம்மை அறியாமலே அந்தத் தணிக்கை அதிகாரியின் நாற்காலியில்தான் அமர்கின்றனர். அவன் அரசுக்கு வேண்டியதைத் தெரிந்தெடுத்தான்; இவர்கள் தம் உவப்புக்கு வேண்டியதைத் தெரிந்தெடுக்கின்றனர். வீரம் பேசும் கடிதம் கண்ணாடிச் சட்டத்துக்குள் போகிறது. தம்பியைப் படையில் சேரவிடாதே என்று கெஞ்சும் கடிதம் பெட்டியின் அடியில் கிடக்கிறது. பதக்கம் தேடுவோர் செய்வது இன்னும் மோசம். அப்போர்ப் பதக்கங்களின் விளிம்பில் வீரரின் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டிருக்கும். அதற்கு விலை உண்டு. கூடவே இருந்த நைந்த தாள்களுக்கு விலை இல்லை. பதக்கம் ஒரு கைக்கும் தாள் குப்பைக்கும் போனபின், அப்பெயருக்கு உரியவரை எங்கே தேடுவது?

கடிதத்தோடு பணிப்பதிவேட்டையும் சேர்த்துப் படிக்கவேண்டும் என்பது நம் கருத்து. அக்காலத்துக் குதிரைப்படையிற் பெரும்பகுதி சில்லதார் முறையில் அமைந்தது. வீரர் தம் குதிரையோடு வரவேண்டும். அல்லது அதற்கு ஈடான தொகையைக் கட்டவேண்டும். ஆகவே அங்கே பதிவேடு என்பது வீரக்கதை அன்று. பாதிக்குமேல் வரவு செலவுக் கணக்கே. குதிரைக்காக அடகு வைத்த நிலத்தைப் பற்றிய கவலையைக் கடிதத்தில் கண்டவர்க்கே அந்தக் கணக்கின் பாரம் விளங்கும்.

சில வேளைகளில் பதிவேடு சொல்லாமல் விடுவதே பெரிது. 1916ஆம் ஆண்டு பஸ்ராவில், 15ஆம் லான்சர்ஸ் படைப்பிரிவின் முஸ்லிம் வீரர்கள், புனிதத் தலங்கள் அமைந்த அந்நாட்டில் தம் மார்க்கத்தாரான துருக்கியரை எதிர்த்துப் போரிட மறுத்தனர். இவர்கள் கோழைகள் அல்லர். பிரான்ஸ் போர்முனையிலிருந்து வந்தவர்கள். 400க்கு மேற்பட்டோர் இராணுவ நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டனர். குற்றம், தண்டனை, தேதி - பதிவேட்டுக்கு இவ்வளவு போதும். ஓர் இரவு முழுவதும் உண்ட உப்புக்கும் ஓதிய கலிமாவுக்கும் இடையே அவர்கள் உள்ளம் பட்ட பாட்டுக்கு அதில் கட்டம் இல்லை.

1919ஆம் ஆண்டு பஞ்சாப் அரசு தொகுத்த போர்வீரர் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் 97 ஆண்டுகள் எவரும் படிக்காமல் கிடந்தன. ஏறத்தாழ 3,20,000 பேரின் விவரங்கள் ஊர்வாரியாக அவற்றில் உள்ளன. 2021ஆம் ஆண்டு அவற்றை மின்வடிவில் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் பணி தொடங்கிற்று. தகப்பன் பெயரையும் ஊர்ப் பெயரையும் கொண்டு இன்று ஒரு பேரன் தேடலாம். இதனால்தான் நம் கேள்வி முன்னினும் கூர்மை அடைகிறது. இதுவரை வாரிசு எவர் என்று தெரியாது என்று சொல்லித் தப்பலாம். இனி அப்படிச் சொல்ல இயலாது.

ஓர் எடுத்துக்காட்டு. பிரெஞ்சுப் பெண்களோடு கொண்ட உறவு பற்றிய கடிதங்களும் தணிக்கைத் தொகுப்பில் உண்டு. அங்கே ஒரு பெண்ணை மணந்துகொண்டு, அதற்காக ஊரிலுள்ள சுற்றத்தாருக்குச் சமாதானம் எழுதிய ஒரு முஸ்லிம் குதிரைவீரரின் கடிதமும் உண்டு. இத்தகைய மூலக் கடிதம் ஒன்று திரட்டுவோர் ஒருவர் கையில் கிட்டுகிறது என்று கொள்வோம். உண்மையை மறைத்தல் ஆகாது என்பர் ஒரு சாரார். இறந்தவரின் குறையைத் தூற்றலாகாது என்பர் மறு சாரார். இருவரும் நல்லவர்களே. ஆயினும், கடிதத்தைக் கிழிப்பவன் நூறாண்டு கழித்து மீண்டும் ஒரு தணிக்கை செய்கிறான். அச்சிட்டு விற்பவனோ, அமானிதமாய் வந்த பொருளைச் சந்தையில் வைக்கிறான். நாமாயிருந்தால் அதை ஒரு வரியும் குறைக்காமல் உறையிலிட்டு, எவரிடமிருந்து எப்போது கிடைத்தது என்பதைத் தனித்தாளில் எழுதிச் சேர்த்து, அவ்வீரரின் ஊருக்கு ஆளனுப்பி விசாரிப்போம். பேரனோ பேத்தியோ கிடைத்தால் முதலில் அவர்கள் கையில் கொடுப்போம். படித்த பிறகு அவர்கள் வேண்டாம் என்றால், அவர்கள் காலம் வரையில் அதை அச்சுக்குத் தரமாட்டோம்.