யாருடைய இசை?

பிள்ளையைப் பியானோ வகுப்பில் சேர்க்கப் போகும் பெற்றோர் முதலில் விசாரிப்பது ஆசிரியரின் படிப்பைத்தான். எட்டாவது கிரேடு முடித்தவரா, டிப்ளமோ இருக்கிறதா, யாரிடம் கற்றார், மேடையில் வாசித்த அனுபவம் உண்டா என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் இவற்றுக்கு வரும் பதில்கள் ஆசிரியர் இசையை எவ்வளவு படித்திருக்கிறார் என்று சொல்லுமே தவிர, குழந்தைகளை எவ்வளவு படித்திருக்கிறார் என்று சொல்லாது. வாரம் ஒருமுறை அரைமணி நேரம் ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் ஒரே வாத்தியத்தின் முன் தனியாக உட்கார்ந்திருக்கும் உறவு இது. அதில் இந்த இரண்டாவது படிப்புக்கு இடம் அதிகம். குழந்தையை மையமாக வைத்தே கற்பிக்கிறோம் என்று இன்று பல ஆசிரியர்கள் சொல்கிறார்கள். அந்த வாக்கியத்துக்கு என்ன பொருள், அதை எதைக்கொண்டு உரசிப் பார்ப்பது என்று யோசிக்கும்போது, இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் இருந்த ஒரு தனிப் பியானோ ஆசிரியரின் வாழ்க்கை நமக்கு உதவுகிறது. ஒரு பாதியை மிகச் சரியாகவும் மறுபாதியை மிகத் தவறாகவும் செய்தவர் அவர். அதனாலேயே அவரிடம் கற்க நிறைய இருக்கிறது.

அவர் பெயர் ஃபிரீட்ரிக் வீக். 1785இல் பிறந்தவர். விட்டன்பர்க்கில் இறையியல் படித்தார். வசதியான குடும்பங்களின் வீடுகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தந்து சில ஆண்டுகள் பிழைத்தார். பிறகு லைப்சிக்கில் பியானோ விற்கும் கடை வைத்தார். முறையான பியானோப் பயிற்சி அவருக்கு மிகக் குறைவாகவே கிடைத்தது. இன்றைய கணக்கில் பார்த்தால் சுவரில் மாட்ட ஒரு சான்றிதழ்கூட அவரிடம் இருந்திருக்காது. ஆனால் வீடு வீடாகப் பிள்ளைகளோடு உட்கார்ந்த ஆண்டுகள் அவருக்கு வேறொன்றைத் தந்தன. ஒரு குழந்தையின் கவனம் எவ்வளவு நேரம் நிற்கும், எந்த இடத்தில் சலிக்கும், எப்போது மீண்டும் விழித்துக்கொள்ளும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எளிதாக வந்துவிட்ட வித்தையைவிட, தட்டுத் தடுமாறிச் சேர்த்த வித்தைக்குத்தான் தடுமாறும் இடங்கள் நினைவிருக்கும். ஆசிரியரின் பின்னணி என்று நாம் கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அவருடைய மகள் கிளாரா 1819இல் பிறந்தாள். நான்கு வயது தாண்டும்வரை சரியாகப் பேசவில்லை; காது மந்தமோ என்று வீட்டில் கவலைப்பட்டார்கள். ஐந்து வயதில் பாடம் தொடங்கியபோது, வீக் அந்தக் காதையே நம்பித் தொடங்கினார். முதலில் நோட்ஸ் கிடையாது. தானே எழுதிய சின்னச் சின்ன மெட்டுகளை வாசித்துக் காட்டினார். குழந்தை கேட்டாள், திருப்பி வாசித்தாள். அதே மெட்டை வேறு சுருதியில் வாசிக்கச் சொன்னார். காகிதத்தில் புள்ளிகளைப் படிக்கும் வேலை, விரல்களுக்கும் காதுக்கும் கட்டைகள் பழகிய பிறகுதான் வந்தது. நாள்தோறும் ஒரு மணி நேரப் பாடம், இரண்டு மணி நேரப் பயிற்சி, அதற்கு மேல் வாத்தியத்தைத் தொட விடாமல் வெளியே நடக்க அழைத்துப் போவது என்று ஒழுங்கு வைத்திருந்தார். அந்தக் காலத்தை நினைத்தால் இதன் அருமை புரியும். 1814இல் லோகியர் என்பவர் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். கட்டைகளுக்கு முன்னால் சட்டங்களைப் பொருத்தி, பிள்ளைகளின் மணிக்கட்டும் விரல்களும் விலகாதபடி பிடித்து வைக்கும் கருவி அது. கையை அச்சில் வார்ப்பதே கற்பித்தல் என்று பலர் நம்பிய நாளில், கேட்பதிலிருந்து தொடங்கிய ஆசிரியர் வீக்.

காதிலிருந்து ஏன் தொடங்க வேண்டும் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். ஆறு வயதுக் குழந்தை பியானோ முன் உட்கார்ந்தால் கால் தரையை எட்டாது. ஒரு வெள்ளைக் கட்டையின் அகலம் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். ஒரு ஸ்தாயியின் எட்டுக் கட்டைகளை எட்டிப் பிடிக்கப் பதினாறு சென்டிமீட்டருக்கு மேல் கை விரிய வேண்டும். அந்தப் பிஞ்சுக் கை ஐந்தாறு கட்டைகளோடு நின்றுவிடும். இந்த நிலையில் அந்தக் குழந்தையிடம் நாம் கேட்பது என்ன? மேலே ஐந்து கோடு, கீழே ஐந்து கோடு, இரண்டையும் ஒரே சமயத்தில் படி, எந்தப் புள்ளி எந்தக் கட்டை என்று கண்டுபிடி, எந்த விரல் என்று பார், எத்தனை எண்ணிக்கை நிறுத்த வேண்டும் என்று எண்ணு, முதுகை நேராக வை, மணிக்கட்டைத் தொங்கவிடாதே. ஆறு வேலைகளை ஒன்றாகச் சுமக்கும் தலைக்குள், எழுந்த ஒலி நன்றாக இருக்கிறதா என்று கேட்க இடமே இருக்காது. பேசத் தெரியாத பிள்ளைக்கு யாரும் முதலில் அரிச்சுவடி தருவதில்லை. நம் கர்நாடக இசையிலும் குரு பாட, பிள்ளை கேட்டுத் திருப்பிப் பாடித்தான் சரளி வரிசை தொடங்குகிறது. பியானோவுக்கு வரும்போது மட்டும் புத்தகத்தைத் திறந்து வைத்துவிட்டுத் தொடங்குவது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

இதை உணர்ந்த பெரிய இசையமைப்பாளர்கள் குழந்தைகளின் பக்கம் இறங்கி வந்திருக்கிறார்கள். பின்னாளில் கிளாராவின் கணவரான ராபர்ட் ஷூமன், தன் மூத்த மகள் மேரியின் ஏழாவது பிறந்தநாளுக்காக 1848இல் சில சிறு உருப்படிகளை எழுதினார். அவை வளர்ந்து, நாற்பத்து மூன்று உருப்படிகள் கொண்ட இளையோர் தொகுப்பாக வெளிவந்தன. விரலை வலுப்படுத்தப் போய் வலக்கையையே கெடுத்துக்கொண்டதாகச் சொல்லப்படும் ஷூமன், பியானோக் கலைஞராகும் கனவை இழந்தவர். விரல்களை முதலில் வைக்கும் பாதை எங்கே கொண்டுவிடும் என்று அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஹங்கேரியில் பேலா பார்ட்டோக் தன் மகன் பீட்டருக்கு 1933இல் பாடம் தொடங்கியபோது, முதலில் பாட மட்டுமே வைத்தார் என்று அந்த மகனே பின்னாளில் எழுதியிருக்கிறார். பாடம் நடக்கும்போதே, கொஞ்சம் இரு என்று சொல்லிவிட்டு மேசைக்குப் போவாராம். பேனா கீறும் சத்தம் மட்டும் கேட்குமாம். சில நிமிடங்களில் அந்தப் பையனுக்கு அன்று தேவைப்பட்ட பயிற்சி, மை உலராத தாளில் பியானோவுக்கு வந்து சேரும். நூற்று ஐம்பத்து மூன்று உருப்படிகளும் ஆறு தொகுதிகளுமான மைக்ரோகாஸ்மோஸின் முதல் இரண்டு தொகுதிகள் பீட்டருக்குத்தான் காணிக்கை. எதிரில் இருக்கும் குழந்தையைப் பார்த்து, அதற்கு இன்று எது வேண்டும் என்று எழுந்துபோய் எழுதிக்கொண்டு வருவது. குழந்தையை மையமாக வைப்பது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி எனக்குத் தெரியவில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இப்படிக் குழந்தையின் போக்குக்கே போனால் கட்டுப்பாடு எங்கிருந்து வரும், ஸ்கேல் வாசிக்கப் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுவதா என்று கேட்பார்கள். குழந்தையின் விருப்பமும் குழந்தையின் தேவையும் ஒன்றல்ல என்பதே இதற்குப் பதில். வீக் தன் மகளை ஸ்கேல் வாசிக்க வைத்தார். நாள் தவறாமல் வைத்தார். ஆனால் ஒலியைக் கேட்டு, சுருதி மாற்றி வாசிக்கப் பழகிய பிள்ளைக்கு ஸ்கேல் என்பது ஏற்கெனவே தெரிந்த ஊரின் தெருக்கள். பார்ட்டோக்கின் முதல் உருப்படிகளில் கை இடம் மாறாது, ஐந்து விரல் ஐந்து கட்டை, அவ்வளவுதான். அந்தக் குறுகிய இடத்துக்குள் அவர் சிறு பிசகையும் அனுமதிக்கவில்லை. குழந்தைக்கு ஏற்றபடி மாற வேண்டியது தொடங்கும் இடமும் வழியும்தான். தரத்தை யாரும் இறக்கச் சொல்லவில்லை. கண்டிப்பே இல்லாத வகுப்பு குழந்தையைச் சோம்பலில் விட்டுவிடும் என்பது உண்மை. கண்டிப்பு மட்டுமே உள்ள வகுப்பு, அந்தக் குழந்தை பெரியவளானதும் பியானோவை மூடிவிட வைக்கும் என்பதும் அதே அளவு உண்மை.

இரண்டாவது மறுப்பு தேர்வைப் பற்றியது. லண்டனைச் சேர்ந்த அமைப்புகள் நடத்தும் கிரேடு தேர்வுகளைச் சென்னையிலும் பல பிள்ளைகள் எழுதுகிறார்கள். தேர்வு இல்லையென்றால் பிள்ளை எங்கே நிற்கிறது என்று எப்படித் தெரியும் என்று பெற்றோர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. தேர்வை நான் பழிக்கவில்லை. நேரில் நடக்கும் அந்தத் தேர்வின் அமைப்பைப் பார்த்தால், உருப்படிகளோடு கேட்கும் திறனுக்கும், முன்பின் பாராத குறிப்பைப் பார்த்ததும் வாசிப்பதற்கும் இடம் இருக்கிறது. கேடு வருவது அதற்குத் தயாராகும் விதத்தில்தான். மூன்று உருப்படிகளையே ஓராண்டு முழுக்க இடித்து இடித்து வாசிக்க வைத்து, மற்றதைக் கடைசி இரண்டு வாரத்துக்குத் தள்ளிவிடுகிறோம். அந்தப் பிள்ளை ஐந்தாவது கிரேடு முடித்திருக்கும். வீட்டுக்கு வந்த உறவினர் ஒரு பாட்டை வாசி என்றால் மலைத்து நிற்கும். சான்றிதழ் கையில் இருக்கிறது, இசை கையில் இல்லை. ஓராண்டில் முப்பது எளிய உருப்படிகளைத் தொட்டு வந்த பிள்ளைக்கு, தேர்வின் மூன்று உருப்படிகள் பாரமாக இருக்காது.

இனி வீக்கின் மறுபாதி. மகள் பெயரில் அவர் ஒரு நாட்குறிப்பு தொடங்கினார். கிளாராவே எழுதுவது போல, நான் நான் என்று பல ஆண்டுகள் அவரே எழுதினார். ஒன்பது வயதில் அவள் லைப்சிக்கின் கெவாண்ட்ஹவுஸ் அரங்கில் மேடையேறினாள். கச்சேரி வருமானம் தந்தையின் கையில் இருந்தது. சரியாக வாசிக்கவில்லை என்று மகன் ஆல்வினை வீக் முரட்டுத்தனமாக அடித்ததையும், அந்த நேரத்திலேயே கிளாரா ஒன்றும் நடக்காதது போலப் பியானோவில் அமர்ந்ததையும் அந்த வீட்டில் மாணவராக இருந்த ஷூமன் குறித்து வைத்திருக்கிறார். அந்தக் காட்சியில் அடிவாங்கிய பையனைவிடவும் அசையாமல் உட்கார்ந்த சிறுமியே என்னை அதிகம் கலங்க வைக்கிறாள். கேட்பதற்கு அவ்வளவு அருமையாகப் பழக்கப்பட்ட செவி, பக்கத்தில் எழும் அழுகையைக் கேளாதிருக்கவும் பழகியிருந்தது. கிளாரா ஷூமனை மணக்க விரும்பியபோது வீக் விடவில்லை. 1839இல் இருவரும் நீதிமன்றம் போனார்கள். அடுத்த ஆண்டு தீர்ப்பு வந்தது. கிளாராவின் இருபத்தோராம் பிறந்தநாளுக்கு முந்தைய நாள், 1840 செப்டம்பர் 12 அன்று திருமணம் நடந்தது.

அந்தக் கண்டிப்பு இல்லாவிட்டால் கிளாரா என்ற கலைஞர் உண்டா என்று கேட்கலாம். கிளாராவே பின்னாளில் தந்தை தந்த பயிற்சியை நன்றியோடுதான் நினைத்தார். அந்த நன்றியை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் எதற்கு அந்த நன்றி என்று பிரித்துப் பார்க்க வேண்டும். காதிலிருந்து தொடங்கியது, அளவோடு நிறுத்தியது, நடக்க அழைத்துப் போனது, இவை அவரை அறுபது ஆண்டுகளுக்கு மேல் மேடையில் நிறுத்தின. நாட்குறிப்பைப் பறித்ததும் வருமானத்தைப் பிடித்து வைத்ததும் விரலுக்கு ஒரு வலுவையும் சேர்க்கவில்லை. இரண்டும் ஒரே மனிதரிடமிருந்து வந்ததால் ஒன்றுக்கு ஒன்று காரணம் என்று ஆகிவிடாது. ஆகவே குழந்தையை மையமாக வைப்பதற்கு ஒரு கேள்வி போதாது, இரண்டு வேண்டும். பாடம் யாரிடமிருந்து தொடங்குகிறது? அதன் பலன் யாரிடம் போய்ச் சேர்கிறது? வீக் முதல் கேள்வியில் முழு மதிப்பெண் வாங்கியவர், இரண்டாவதில் தோற்றவர். அவருடைய முறையில் மையம் குழந்தையாக இருந்தது. நோக்கம் அவராகவே இருந்தார்.

இந்த இரண்டாவது கேள்வி ஆசிரியரை மட்டும் நோக்கியதல்ல. வாசிக்கும் பிள்ளையைப் படம் பிடித்து அன்றிரவே உறவினருக்கு அனுப்பும் கைக்கும் அது உரியது. எத்தனை கிரேடு என்று பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடும் நாக்குக்கும் உரியது. ஆகவே ஆசிரியரின் சான்றிதழை விசாரித்த பிறகு இன்னும் சிலவற்றைக் கவனிக்கலாம். போன வாரம் பிள்ளைக்கு எங்கே தடுமாறியது என்று அவரால் சொல்ல முடிகிறதா? பிள்ளை தானாக ஒரு மெட்டைத் தேடி வாசித்தால் அதைக் கேட்க அவருக்குப் பொறுமை இருக்கிறதா? யாரும் சொல்லாமல், யாரும் பார்க்காத நேரத்தில் அந்தப் பிள்ளை பியானோவின் மூடியைத் திறக்கிறதா? 1856இல் கணவர் இறந்தபோது கிளாராவுக்கு ஏழு பிள்ளைகள். ஊர் ஊராகப் போய் வாசித்தும், பிறகு ஃபிராங்க்ஃபர்ட்டில் கற்பித்தும் அவர் குடும்பத்தைத் தாங்கினார். அந்தச் சுமையைச் சுமக்க உதவிய இசை அப்போது முழுக்க அவருடையதாக இருந்தது. அதைத் தன்னுடையது ஆக்கிக்கொள்ள அவர் ஒருமுறை நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. நம் பிள்ளைகளுக்கு அது முதல் நாள் பாடத்திலேயே கைக்கு வந்துவிட வேண்டும்.