புவனமும் போகமும்

சரீரத்தையும், கருவிகளையும், வாழ்தற்கிடமாகிய உலகத்தையும், நுகர்தற்குரிய பொருள்களையும் மாயையினின்றுந் தோற்றுவித்து ஆன்மாக்களுக்குக் கொடுத்தருளுபவர் சிவபெருமானே என்பது சைவசித்தாந்தத் துணிபு. இவற்றைத் தநு கரண புவன போகம் என்பர். இந்நான்கனுள் தநுவும் கரணமும் போகமும் அவ்வவ்வான்மாவுக்கு வேறுவேறாக உரியன. புவனமோ பல்லுயிர்க்கும் பொதுவாயுள்ளது. ஒருவன் தன் போகத்தின்பொருட்டுப் பொதுவாகிய புவனத்தைக் கெடுத்தல் தகுமோ என்னும் வினா, இக்காலத்து ஆகாயவிமானப் பிரயாணத்தின்கண் எழுந்துள்ளது. சைவபாடசாலை ஆசிரியர்கள், மாணாக்கர் வினாவுமுன்னரே இதனை ஆராய்ந்து தெளிந்திருத்தல் நன்றாதலின், ஈண்டுச் சிறிது விசாரிப்பாம்.

விமானம் பறத்தற்பொருட்டு எரிக்கப்படுவது மண்ணெண்ணெய் வகையுள் ஒன்று. அவ்வெண்ணெய் ஒரு கிலோகிராம் எரியுமிடத்து, காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி, மூன்று கிலோகிராமுக்குச் சற்று மேற்பட்ட கரியமிலவாயு உண்டாகின்றது. பூமியினின்றும் மேலெழும் வெப்பத்தை வெளிச்செல்லவொட்டாது தடுப்பது இவ்வாயுவின் இயல்பு. யந்திரத்தொழில் பெருகுதற்கு முன்னே காற்றின் பத்திலக்ஷம் பங்கில் ஏறக்குறைய 280 பங்காயிருந்த இது, ஹவாய்த் தீவின் மௌனாலோவா மலைமீது 1958 இல் அளக்கத் தொடங்கியபோது ஏறக்குறைய 315 பங்காயிருந்தது. 2024 இல் 420 பங்கினையுங் கடந்துவிட்டது. மனிதர் வெளிவிடுங் கரியமிலவாயுவில் விமானங்களின் பங்கு நூற்றுக்கு இரண்டு அல்லது இரண்டரையாம். உயர்ந்த வானிலே விமானத்தின் பின்னே தோன்றும் வெண்ணிற மேகக்கோடுகளும் வெப்பத்தை மிகுவிப்பனவே.

நூற்றுக்கு இரண்டென்பது சிறிதன்றோ, இதன்பொருட்டு இத்துணைக் கவலை எற்றுக்கு எனின், கூறுதும். உலகத்தாருட் பெரும்பாலார் ஓராண்டில் ஒருமுறையேனும் விமானத்தில் ஏறாதவர். ஆகவே, அவ்விரண்டு பங்கும் சிலராலே ஆவது. அதனால் விளையும் வெப்பமோ யாவர்க்கும் ஆவது. தன் வீட்டில் விருந்துண்டவன் எச்சிலிலையை ஊர்ப்பொதுக் கிணற்றில் எறிதல்போலும் இது. அன்றியும், நாடுகளுக்கிடையே பறக்கும் விமானங்களின் எண்ணெய்க்குப் பெரும்பாலும் வரியில்லை. பஸ்வண்டியிற் செல்லும் ஏழையோ பல நாடுகளிலும் வரியிறுத்த எண்ணெயிலேயே செல்கின்றான். இது நடுநிலையாமோ என்பதைப் புத்திமான்கள் சிந்திப்பாராக.

இவ்வழக்கினை அரசுகள் எவ்வாறு சீர்தூக்குகின்றன என்பதற்கு இலண்டன்மாநகரின் ஹீத்ரோ விமானநிலையம் தக்கவோர் உதாரணம். அங்கே இரண்டு ஓடுபாதைகள் உள. மூன்றாவது ஓடுபாதைக்கு இடந்தரும் கொள்கையைப் பாராளுமன்றம் 2018 யூன் மாதத்தில் அங்கீகரித்தது. 2015 இலே பாரிஸ் நகரத்தில் உலகநாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையை உரியவாறு கருதாமையால் அக்கொள்கை சட்டத்துக்கு மாறாயது என, 2020 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. அவ்வாண்டு டிசெம்பரிலே உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிற்று. 2025 சனவரியில் அரசாங்கம் மூன்றாம் பாதைக்குத் தன் ஆதரவை வெளியிட்டது. தொழிலும் வருவாயும் பெருகும் என்பது ஒரு கட்சி. புகையைக் குறைப்போமென்று வாக்குக்கொடுத்தவர் அதனைப் பெருக்குதல் வாய்மையாகாது என்பது மற்றைக் கட்சி. நீதிமன்றங்கள் ஆராய்ந்தது சட்டத்தை. செயல் தகுமோ தகாதோ என்னும் அறத்தை ஆராயும் கடன் நம்மனோர்க்கு எஞ்சி நிற்கின்றது.

ஹீத்ரோ தூரத்தது என்று நாம் வாளா இருத்தற்கில்லை. நம் யாழ்ப்பாணத்துப் பலாலியிலும் இவ்வினா உண்டு. இரண்டாம் உலகயுத்தகாலத்தில் ஆங்கிலேயரால் அமைக்கப்பட்டது அந்நிலையம். 1947 டிசெம்பரில் எயர் சிலோன் விமானம் முதன்முதலாக இரத்மலானையினின்றும் காங்கேசன்துறை வழியே சென்னைக்குச் சென்றபோது தங்கியது அங்கேயே. உள்நாட்டு யுத்தத்தால் நெடுங்காலம் நின்றுபோன சென்னைப் போக்குவரவு 2019 இல் மீண்டது. 2020 இல் நோய்த்தொற்றால் நின்று, 2022 டிசெம்பரில் மறுபடியுந் தொடங்கிற்று. பெரிய விமானங்கள் இறங்குமாறு ஓடுபாதையை விரித்தல் வேண்டும் என்பார் கூற்றில் நியாயமுண்டு. வைத்தியத்தின்பொருட்டுச் சென்னைக்குச் செல்லும் நோயாளர், கட்டுநாயக்காவுக்கு இருநூறு மைலுக்கு மேற்பட்ட தரைவழியை வருந்திக் கடவாமல் ஊரிலேயே விமானமேறுதல் பெரும் உபகாரம். அதனால் எரியும் எண்ணெயுங் குறையலாம். யுத்தத்தாற் பிரிந்த உறவினர் ஒருவரையொருவர் காண்டலும், முதியோர் சிதம்பரதரிசனஞ் செய்தலும் அத்தன்மையனவே. மற்றொருபுறத்தே, 1990 இல் இடம்பெயர்ந்து பல்லாண்டு தம் நிலத்தை மிதிக்கப்பெறாதிருந்த வலிகாமம் வடக்கு மக்களின் காணியுரிமை உண்டு. கடல்மட்டம் உயர்ந்தால், சுண்ணக்கற்பாறையின்கண் நன்னீர் தங்கிய நம் கிணறுகள் உவர்ப்படையும் என்னும் அச்சமும் உண்டு.

ஈண்டுச் சிலர், "கடல் பெருகித் துன்புறுவார் தத்தம் பிராரத்தவினையையே நுகர்கின்றனர், விமானத்திற் செல்பவருக்கு அதனாற் பாவம் என்னை?" என்பர். அது பொருந்தாது. நுகர்வானுக்குப் பிராரத்தமாய செயல், செய்வானுக்கு ஆகாமியமாய் ஏறும். கள்வன் கவர்ந்த பொருளை இழந்தவன் முன்வினையால் இழந்தான் என்று கொள்ளினும், கள்வன் தண்டத்துக்குத் தப்பான். வினைக்கொள்கை தன் துன்பத்தைப் பொறுத்தற்கு ஒருவனுக்குக் கூறப்பட்டதேயன்றி, பிறர் துன்பத்தைப் பொருட்படுத்தாதிருத்தற்குக் கூறப்பட்டதன்று. இன்னும் பிறவாத குழந்தைகளுக்கு நம்மால் வரும் தீங்கினை அவர்தம் வினையென்று தள்ளுதல், சித்தாந்தத்தைக் கவசமாகக்கொண்டு செய்யும் பாவமேயாம்.

ஆயின், விமானப்பிரயாணம் முழுதுந் தீதோ எனின், அற்றன்று. புவனம் போகத்துக்காகவே தரப்பட்டது; கெடுத்தற்குத் தரப்படவில்லை. ஆதலின், போகத்தை நுகர்வான் காரணங்காட்டக் கடமைப்பட்டவன். வேறுவழியால் முடியாத காரியமா? அக்காரியம் உயிர்க்கும் அறத்துக்கும் உறுதி பயப்பதா? அதனால் வருஞ் சுமையைப் பறப்பவரே தாங்குகின்றனரா? இம்மூன்று வினாவுக்கும் ஆம் என்று விடைகூற வல்லவர் செல்க. நீண்டவழியைக் குறுக்கித் தேவையை நிறைவிக்கும் விமானநிலையம் நன்று. இல்லாத தேவையை உண்டாக்கி, களியாட்டுக்கும் கடைத்தெருவுக்குமாகப் பிரயாணத்தைப் பெருக்கும் விரிவு நன்றன்று. விரிக்குமுன் எதன்பொருட்டு என்று கேட்டல் அறிவுடையார் செயல்.

தலயாத்திரையும் இவ்விதிக்குப் புறம்பன்று. புகைவண்டியும் கப்பலும் தலைமன்னாரையும் தனுஷ்கோடியையும் 1914 முதல் இணைத்தகாலத்திலே நம் முன்னோர் அவ்வழியே சென்று தரிசித்தனர். 1964 டிசெம்பரிற் புயல் தனுஷ்கோடியை அழித்தது. 2023 ஒக்ரோபரிலே காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே கப்பல் ஓடத்தொடங்கிற்று. கப்பலும் எண்ணெயை எரிப்பதே. ஆதலின், வாகனத்தை மாற்றியமாத்திரத்தாற் குற்றம் நீங்கிற்றென்று கருதற்க. ஆண்டுதோறும் பலகால் விரைந்து சென்று மீளுதலினும், ஒருமுறை நன்கு ஆயத்தஞ்செய்து சென்று, பலநாள் தங்கி, பலதலங்களை வழிபட்டு மீளுதல் பத்திக்கும் ஏற்றது, புவனத்துக்கும் ஏற்றது.

ஆசிரியர்களே, பறக்கும் விமானத்தைப் பார்த்துக் களிக்குஞ் சிறுவரின் களிப்பைக் கெடாதொழிக. ஆயின், அவ்விமானம் பறக்க எரிவது யாது, அப்புகை எங்கே செல்கின்றது, அதனைச் சுவாசிப்பார் யாவர் என்று வினாவுமாறு அவரைப் பழக்குக. நம்முள்ளும் பலர் விமானமேறினோராதலின், பிறரை மாத்திரம் குற்றங்கூறுதல் தகாது. நம் பிரயாணத்தை முன்னர் எண்ணி, அதன் பின்னர் மாணாக்கருக்குப் போதிப்பேமாக. யாவர்க்கும் பொதுவாக இறைவன் தந்த உலகத்தைக் கெடாது பின்வருவோர் கையிற் கொடுத்தலும் சிவதொண்டேயாம்.

சிவமயம்.