பூசை என்றால் பூனையும்தான்



பழந்தமிழில் பூனைக்குப் 'பூசை' என்று ஒரு பெயர் உண்டு. பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிட நினைத்த பூனையைப் போலத் தாம் இராமகாதையைப் பாட வந்ததாகக் கம்பர் அவையடக்கம் சொல்கிறாரே, அங்கே வருவது இந்தப் பூசைதான். வெள்ளிக்கிழமை கோயிலில் நாம் செய்வதும் பூசை. சொல் வேறு, எழுத்து ஒன்று. இந்த இரண்டு பூசையும் நம் கோயில் வாசலில் சந்திக்கிற இடத்தைப் பற்றித்தான் இந்த மாதம் பேசப் போகிறேன்.

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இது புதிதல்ல. காலையில் கதவு திறக்கும்போது வாசலில் ஓர் அட்டைப்பெட்டி இருக்கும். உள்ளே மூன்று, நான்கு குட்டிகள். கண்கூடச் சரியாகத் திறந்திருக்காது. கொண்டு வந்து விட்டவர் கெட்டவர் இல்லை. பூனையைக் கொன்றால் மகாபாவம் என்று பாட்டி சொன்னது அவருக்கு நினைவிருக்கிறது. அதனால்தான் கால்வாயில் போடாமல் கோயிலுக்குக் கொண்டு வந்திருக்கிறார். கேட்டால், "கோயில்ல விட்டா சாமி பாத்துக்கும்லா" என்பார்.

'சாமி பாத்துக்கும்' என்பது பெரிய வார்த்தை. வைணவ ஆச்சாரியர்கள் சரணாகதியை விளக்க இரண்டு குட்டிகளைக் காட்டினார்கள். குரங்குக்குட்டி தாயின் வயிற்றை இறுகப் பற்றிக்கொள்ளும். இது மர்க்கட நியாயம், வடகலையார் சொல்வது. பூனைக்குட்டியோ எதையும் பற்றாது. தாய்தான் அதைப் பிடரியில் கவ்வித் தூக்கிப் போகும். இது மார்ஜார நியாயம், தென்கலையார் சொல்வது. இறைவனின் அருளுக்குப் பெரியவர்கள் தேர்ந்தெடுத்த உவமை, தாய்ப்பூனையின் வாய்!

இப்போது அந்தப் பெட்டியைப் பாருங்கள். குட்டி இருக்கிறது, தாய் இல்லை. பார்த்துக்கொள்ளச் சாமி அனுப்பிய தாயிடமிருந்து பிரித்து எடுத்து வந்துவிட்டு, 'சாமி பாத்துக்கும்' என்றால் எப்படி? அது சரணாகதி இல்லை. நம் வேலையைச் சாமி தலையில் கட்டுவது. "அது அதோட கர்மா" என்றும் சிலர் சொல்வார்கள். சரி, அந்தக் குட்டி உன் கண்ணில் பட்டது யாருடைய கர்மா?

பிரிக்பீல்ட்ஸில் 1904-இல் கட்டப்பட்ட விவேகானந்தர் ஆசிரமத்தைத் தாண்டிப் போகாதவர் நம்மில் குறைவு. அந்த விவேகானந்தரின் குரு ஸ்ரீ ராமகிருஷ்ணர், தட்சிணேஸ்வரத்தில் காளிக்குப் படைக்க வைத்திருந்த உணவை ஒரு பூனைக்கு ஊட்டினார். கோயில் நிர்வாகி அதிர்ந்து போய் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். பரமஹம்சருக்கோ குழப்பமே இல்லை. அம்பாளே எல்லாமாகவும் ஆகியிருப்பதைக் கண்டவர் அவர். பூனையிலும் அவளையே பார்த்தார்.

மறுபக்கத்தையும் பார்ப்போம். 2018 செப்டம்பரில் கோம்பாக்கில் ஒரு சுயசேவைச் சலவைக் கடை. சினைப்பூனை ஒன்றைத் துணி உலர்த்தும் இயந்திரத்தில் போட்டு ஓடவிட்டார்கள். பூனை செத்துப்போனது. எல்லாம் கேமராவில் பதிவாகியிருந்தது. 2019 நவம்பரில் ஒருவருக்கு 34 மாதச் சிறையும் 40,000 ரிங்கிட் அபராதமும் விதிக்கப்பட்டன. செய்தியில் வந்த பெயர்கள் நம் வீட்டில் கூப்பிடுகிற மாதிரிப் பெயர்கள். அதுதான் எனக்கு வலித்தது. 2015-ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டப்படி, கொடுமை செய்தால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சட்டம் பயத்தைக் கொடுக்கும். இரக்கத்தை நாம்தான் பழக வேண்டும்.

எப்படிப் பழகுவது? போன செமஸ்டர் விடுமுறையில் நாங்கள் நான்கு பேர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவரிசையின் பின்சந்தில் ஒரு தாயையும் மூன்று குட்டிகளையும் பிடித்தோம். தினமும் அங்கே சோறு வைக்கும் ஆன்ட்டி, "தம்பி, அடிச்சிடாதீங்கப்பா" என்றார். "இல்ல ஆன்ட்டி, ஆபரேஷன் பண்ணிட்டு இங்கேயே கொண்டாந்து விட்டுடுவோம்" என்றதும், தாய் வரும் நேரத்தைச் சொன்னார். அன்றைக்குச் சோறு வைக்காமலும் இருந்தார். பசி இருந்தால்தான் பூனை கூண்டுக்குள் வரும்.

நாங்கள் வைத்தது பொறிக்கூண்டு. உள்ளே இருக்கும் தகட்டைப் பூனை மிதித்தால் கதவு தானாக விழும். அதற்கு மேல் பெரிய எஞ்சினியரிங் எதுவும் இல்லை. முதல் ராத்திரி குட்டிகள் மட்டும் சிக்கின. மறுநாள் குட்டிகள் இருந்த கூண்டைத் துணியால் மூடி, காலிக்கூண்டின் பின்பக்கம் ஒட்டி வைத்தோம். ஒரு குட்டி கத்தியது. இரண்டு நாளாக எங்களைக் கண்டு ஓடிய தாய், நேராக உள்ளே நடந்து வந்தது. மார்ஜார நியாயத்தை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

நீங்களும் செய்வதாக இருந்தால் சிலவற்றை மறக்காதீர்கள். குட்டிகள் தனியாகக் கிடந்தால் உடனே தூக்காதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கலாம். தள்ளி நின்று சில மணி நேரம் பாருங்கள். தாய் வரவே இல்லை என்றால் முதலில் சூடு, பிறகுதான் பால். அதுவும் பசும்பால் வேண்டாம், வயிற்றுப்போக்கு வரும். பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால்மாவு வாங்குங்கள். மல்லாத்திப் பிடித்து ஊட்டாதீர்கள், குப்புற வைத்து ஊட்டுங்கள். சுருக்குக் கயிறு, கோணிப்பை எதுவும் வேண்டாம். கூண்டை வெயிலில் வைக்காதீர்கள், விட்டுவிட்டு வீட்டுக்கும் போகாதீர்கள். பூனை சிக்கியதும் துணியால் மூடுங்கள், அமைதியாகிவிடும். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, மருத்துவரைப் பாருங்கள். மழை நாளில் கார் பானெட்டைத் தட்டிவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். உள்ளே ஒரு குட்டி ஒதுங்கியிருக்கலாம்.

"கருத்தடை செய்வது இயற்கைக்கு விரோதம் இல்லையா?" என்று ஒரு தங்கை கேட்டாள். நல்ல கேள்வி. பூனை ஐந்து மாதத்திலேயே சினையாகலாம். ஒன்பது வாரத்தில் குட்டி போடும், ஒரே வருஷத்தில் இரண்டு மூன்று முறை. அந்தக் குட்டிகளில் எத்தனை தெங்கு கிளானா சாலையின் நெரிசலில் பிழைக்கும்? குறளில் கொல்லாமை என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. சாகப் பிறப்பதைத் தடுப்பதும் கொல்லாமையில் சேரும் என்பது என் கருத்து. குறைந்த செலவில் கருத்தடை செய்ய அம்பாங்கில் எஸ்பிசிஏ சிலாங்கூர் நடத்தும் கிளினிக் கெம்பிரி போன்ற இடங்கள் உண்டு. சிகிச்சை முடிந்ததற்கு அடையாளமாகக் காதுநுனியைக் கொஞ்சம் வெட்டிவிடுவார்கள். மறுபடி பிடிக்காமலிருக்க அது உதவும்.

நாங்கள் பிடித்த தாய் காதுநுனி வெட்டப்பட்டு அதே சந்துக்குத் திரும்பிவிட்டது. இரண்டு குட்டிகளுக்குச் சீக்கிரமே வீடு கிடைத்தது. கறுப்புக் குட்டிக்குத்தான் நாளானது. "வேணாம்பா, சகுனம் சரியில்ல" என்று மூன்று வீட்டில் சொன்னார்கள். வங்காளத்தில் குழந்தைகளைக் காக்கும் சஷ்டி தேவிக்கு வாகனமே பூனை. அம்பாளைச் சுமக்கிற பூனை நம் தெருவைக் கடந்தால் மட்டும் எப்படிக் கெட்ட சகுனமாகும்?

அப்பர் பெருமான் உழவாரப்படையைத் தோளில் சுமந்தார். நாமும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உழவாரப் பணிக்குப் போகிறோம். தரையைக் கழுவுகிறோம், விளக்கைத் துலக்குகிறோம். அடுத்த பணியின்போது இரண்டு பேர் மட்டும் கோயிலின் பின்பக்கம் போய், எத்தனை பூனை இருக்கிறது, எதற்குக் காதுநுனி வெட்டியிருக்கிறது, எது சினையாக இருக்கிறது என்று எண்ணி எழுதி வாருங்கள். ஆளுக்குப் பத்து ரிங்கிட் போட்டால் கூண்டு ஒன்று வாங்கிவிடலாம். முதலில் சினையாகாத ஒரு பெண்பூனையைப் பிடித்துக் கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். அந்தப் பூசையையும் சேர்த்துச் செய்வோம்.