தீயின் பயனும் சூட்டின் பங்கும்

தீ நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு, அதைக் கையாள்வோரின் கவனத்தைப் பொறுத்தது என்று விடை சொல்லிக் கடந்துவிடுவது எளிது; ஆனால் ஒரே தீயின் பயன் ஒருவருக்கும் அதன் சூடு இன்னொருவருக்கும் போய்ச் சேரும் இடங்களில் அந்த விடை போதுவதில்லை. முத்துக்குளித்துறை என்று பெயர்பெற்ற தூத்துக்குடிக் கரையோரத்திலும் அதற்கு வடமேற்கே விரியும் கரிசல் பூமியிலும் குடும்பங்கள் தீயோடு கொண்டிருக்கும் உறவைப் பார்த்தால், சூட்டை யார் தாங்குகிறார், அதைத் தாங்க அவர் உண்மையில் இசைந்தாரா என்பதே முதலில் கேட்கப்பட வேண்டியது என்று தோன்றும்.

குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவில் அடியார்கள் பல வேடங்கள் புனைந்து, வீடு வீடாகக் காணிக்கை பெற்றுக் கோயிலில் செலுத்துவர். சிலர் தணல் கனலும் தீச்சட்டியைக் கையில் ஏந்தி வருவர். நோய் தீரவும் பிள்ளை பிறக்கவும் வேண்டித் தெய்வத்திடம் நேர்ந்துகொண்டதை நிறைவேற்றும் இக்கடமை நேர்த்திக்கடன் எனப்படும். நலம் குடும்பத்துக்கு, சூடு தன் கைக்கு என்று ஒருவர் தாமே வகுத்துக்கொள்வதால், இதில் பிறர் குறை காண இடமில்லை. நேர்ந்தவர் ஒருவராகவும் சட்டியைத் தாங்குபவர் அறியாப் பருவத்துப் பிள்ளையாகவும் இருந்தால் மட்டும் நிலைமை அடியோடு மாறிவிடும்.

இதைவிடச் சிக்கலானது உடன்குடி வட்டாரத்துக் கருப்பட்டித் தொழில். செம்மணல் மேடுகளான தேரிகளிலும் அவற்றைச் சுற்றியுள்ள பனங்காடுகளிலும் பனையேறிகள் பதநீர் இறக்க, அதைக் காய்ச்சும் வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்களுடையது. புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கிய பதநீர், விடிலி என்னும் தாழ்ந்த ஓலைக்குடிசைக்குள் அகன்ற பாத்திரத்தில் ஊற்றப்பட்டு, காய்ந்த பனமட்டையும் விறகும் எரியும் அடுப்பில் மணிக்கணக்காகக் கொதிக்கிறது. நுரை பொங்கி வழியப் பார்க்கும்போது நசுக்கிய ஆமணக்கு விதையைச் சிறிது போட்டு அடக்குவதும், இறுகும் பாகைக் கைவிடாமல் துழாவுவதும், பதம் வந்த நொடியில் இறக்கிச் சிரட்டைகளில் ஊற்றுவதும் பார்வையை ஒரு கணமும் அகற்றவிடாத வேலைகள். பாகு தண்ணீரைவிடக் கூடுதலான வெப்பத்தில் கொதிப்பதாலும் தோலில் ஒட்டிக்கொள்வதாலும், ஒரு துளி தெறித்தாலே புண் ஆழமாகும். கோடை வெயிலில், ஓலைக்கூரைக்குக் கீழே, புகைக்கு நடுவே நடக்கும் இவ்வேலை கண்ணையும் நுரையீரலையும் நாளடைவில் அரிக்கிறது.

இந்தத் தீதான் குடும்பத்தின் ஆண்டுச் செலவைத் தாங்குகிறது, பிள்ளைகளைப் படிக்க வைக்கிறது; அடுப்படியில் இருப்பவரும் பிள்ளைகளுக்காகத்தான் என்று மனதாரச் சொல்லக்கூடும். அந்த அன்பு மெய்யானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் வேறு வழி ஒன்று முன்னால் இருந்து அதை விலக்கியிருந்தால்தான் ஒருவர் இசைந்தார் என்று சொல்ல முடியும். காய்ச்சாவிட்டால் பதநீர் கெட்டு அன்றைய உழைப்பு முழுதும் வீணாகும் என்ற நிலையில் அடுப்பின் முன் அமர்வதை, தீச்சட்டி ஏந்துவோரின் விருப்பத்தோடு ஒப்பிட்டுத் தியாகம் என்று போற்றுவது, போற்றுவோரின் பொறுப்பைத்தான் குறைக்கிறது. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயருக்குச் சட்டக் காவல் வந்துவிட்டது, காய்ச்சுகிற கைக்கு அத்தகைய காவல் இன்னும் வரவில்லை.

கோவில்பட்டி, எட்டயபுரம், கழுகுமலை வட்டாரத்துத் தீப்பெட்டித் தொழிலில் பயன்பெறுவோரும் துன்புறுவோரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் பெட்டியின் உரசுபட்டையில் சிவப்புப் பாஸ்பரமும் இருப்பதால் வீட்டில் அது பாதுகாப்பான பொருள். கலவை தயாராகும் கூடத்திலோ ஓர் உரசல் போதும். தாடை எலும்பை அழுகச் செய்த வெள்ளைப் பாஸ்பரத்தோடு உழன்ற லண்டன் தீப்பெட்டித் தொழிலாளிப் பெண்கள் 1888இல் வேலைநிறுத்தம் செய்தபின்னரும், அந்தப் பாஸ்பரத்தைத் தடைசெய்யும் பன்னாட்டு ஒப்பந்தம் பெர்ன் நகரில் 1906இல்தான் கையெழுத்தானது. தென்தமிழகத்திலும் தீக்குச்சிகளைக் கட்டைகளில் அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சிறுவர்கள் பல்லாண்டுகள் அமர்த்தப்பட்டனர். 1996 டிசம்பர் 10ஆம் நாள், வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில், ஆபத்தான தொழிலில் அமர்த்திய ஒவ்வொரு சிறாருக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தம் பதினான்கு வயதுக்குட்பட்டோரை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்றது; ஆனால் பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று விலக்கும் அளித்தது. தொழிலைப் பெற்றோரிடமிருந்தே கற்கும் மரபை மதிக்க எண்ணிய இவ்விலக்கில் நியாயம் இல்லாமல் இல்லை. எனினும் குடும்பம் என்ற சொல் வந்தவுடன் மேற்பார்வை வாசலோடு நின்றுவிடுவதும், எது ஆபத்து என்ற முடிவு வறுமையின் கையில் விடப்படுவதும் கவலைக்குரியவை. விடிலிக்குச் சுள்ளி பொறுக்கித் தரும் பிள்ளை மரபைக் கற்கிறது. கொதிக்கும் பாகைத் துழாவ நிறுத்தப்பட்ட பிள்ளை சூட்டின் பங்கைச் சுமக்கிறது.

தீப்பெட்டியின் விலை 2021 டிசம்பர் 1 முதல் ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயானபோது, மூலப்பொருள்களின் விலையேற்றமே காரணமாகச் சொல்லப்பட்டது. விலையேற்றத்துக்குச் செவிகொடுக்கும் சந்தை, மெழுகுக்கும் அட்டைக்கும் தரும் இடத்தை உழைப்பவரின் உடலுக்கும் தர முடியும். கருப்பட்டியைப் பொறுத்தவரை இது பெரிய திட்டமும் அன்று: புகைபோக்கி வைத்த, இடுப்பளவு உயர்த்திக் கட்டிய அடுப்பு, தெறிப்பைத் தடுக்கும் நீண்ட கைப்பிடித் துடுப்பு, காற்றோட்டமுள்ள கூரை ஆகியவற்றின் செலவைக் கிலோவுக்கான விலையிலேயே சேர்த்துக் கணக்கிட வேண்டும்; அந்தக் கூடுதல் தொகை, கருப்பட்டிக் காப்பியை மண்மணம் என்று விரும்பி வாங்கும் நகரத்து வீடுகளிலிருந்து வர வேண்டியது.