பிறர் தேவையை விற்கலாமா?



புதிதாக ஒரு சாமான் கடைக்கு வருகிறது. வேண்டுவோர் அநேகர், வந்திருப்பதோ கொஞ்சம். முதல் நாளிலேயே நாலைந்தை வாங்கி வைத்துக்கொண்டு, கிடைக்காதவரிடம் இரட்டை விலைக்கு விற்கிறான் ஒருவன். "நான் திருடவில்லை, பொய் சொல்லவில்லை. பணம் கொடுத்து வாங்கினேன், சம்மதித்தவருக்கே விற்றேன். இதில் பாவம் எங்கே?" என்கிறான். நம் வாலிபரிலும் சிலர் இவ்விதம் கேட்கக்கூடும். ஆதலால் இதைச் சற்று நிதானமாய் ஆராய்வோம்.

நடந்த ஒரு காரியத்தை எடுத்துக்கொள்வோம். 2020 நவம்பர் 12-ம் தேதி அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பிளேஸ்டேஷன் 5 என்னும் விளையாட்டுக் கருவி விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் டிஸ்க் போடும் வகையின் விலை 499 டாலர். அது கொரோனா காலம். கடை வாசலில் கூட்டம் சேராதிருக்க, முதல் நாள் விற்பனை இணையத்தின் வழியாகவே நடந்தது. மறுவிற்பனைக்காரர் பலர், மனிதக் கைக்கு முந்திக்கொண்டு வாங்கிவிடும் கணினி நிரல்களை ஏவினார்கள். கடைகளில் இருப்பு தீர்ந்தது. அதே கருவி, பெட்டிகூடப் பிரிக்கப்படாமல், ஏல இணையதளங்களில் ஏறக்குறைய இரட்டை விலைக்குத் தோன்றியது. கிறிஸ்மஸ் நெருங்கிய வேளை அது.

அப்படியானால் லாபமே குற்றமா? அல்ல. 13-ம் நூற்றாண்டில் வாழ்ந்த அர்ச். தோமாஸ் அக்வினாஸ், கொடுக்கல் வாங்கலைப் பற்றித் தனியே விசாரித்திருக்கிறார். சரக்கை ஓரிடத்திலிருந்து வேறிடம் கொண்டுபோகிறவனும், அதைச் செப்பனிடுகிறவனும், நஷ்டத்துக்குத் துணிகிறவனும் அதிக விலை கேட்கலாம் என்பது அவர் போதனை. கொடைக்கானல் பழத்தை மதுரைக்குக் கொண்டுவந்து விற்பவர் கூடுதல் விலை வாங்குவது நியாயமே. அவர் கொண்டுவராவிட்டால் நமக்குப் பழம் ஏது?

பின்பு அவர் நுட்பமான ஒரு வித்தியாசம் காட்டுகிறார். பொருளைக் கொடுத்துவிடுவதால் விற்பவனுக்கு நஷ்டம் உண்டாகுமானால், அந்த நஷ்டத்தையும் விலையில் சேர்க்கலாம். ஆனால் வாங்குகிறவனுக்கு அது மிகவும் தேவை என்பதற்காக மட்டும் விலையை ஏற்றலாகாது. ஏன்? அந்தத் தேவை வாங்குகிறவனுடையது. தன்னுடையதல்லாததை ஒருவன் எப்படி விற்பான்?

இந்த அளவுகோலை வைத்துப் பாருங்கள். மறுவிற்பனைக்காரன் இல்லாதிருந்தால், அதே கருவி 499 டாலருக்கே யாரோ ஒரு தகப்பனுக்குக் கிடைத்திருக்கும். இவன் ஒன்றையும் கொண்டுவரவில்லை. நடுவில் நின்று வழியை அடைத்து, வழிவிடக் கூலி கேட்டான். வேறு வழி அடைபட்டபின் பெற்ற சம்மதத்தை முழுச் சம்மதம் என்று எவ்வாறு சொல்வது? செயற்கையாக விலையை ஏற்றிப் பிறர் நஷ்டத்தில் லாபம் தேடுவதை, 1992-ல் வெளியான திருச்சபையின் ஞானோபதேச நூலும் ஏழாம் கற்பனைக்கு விரோதமானவற்றோடு சேர்க்கிறது.

"இது விளையாட்டுச் சாமான்தானே, அரிசியா?" என்று ஆட்சேபிக்கலாம். மெய்தான், ஆகவே குற்றத்தின் கனம் குறைவு. ஆனால் பழக்கம் ஒன்றே. அதே 2020-ம் வருடம் மார்ச்சு மாதத்தில் நம் தேசத்தில் முகக்கவசத்துக்கும் கிருமிநாசினிக்கும் கிராக்கி உண்டானபோது, மூன்றடுக்கு முகக்கவசம் 10 ரூபாய், 200 மில்லி கிருமிநாசினி 100 ரூபாய் என்று அரசாங்கம் உச்சவிலை விதிக்க நேர்ந்தது. விளையாட்டுச் சாமானில் பழகிய மனசு, மருந்து என்றதும் கூசி நிற்கும் என்று யார் உறுதி சொல்வார்?

"சட்டம் தடுக்கவில்லையே?" என்பது இன்னொரு ஆட்சேபம். அமெரிக்காவில் 2016-ல் பிறந்த சட்டம், இத்தகைய நிரல்களைக் கொண்டு நிகழ்ச்சி நுழைவுச்சீட்டுகளை வளைத்துப்போடுவதைத் தடுத்தது. கருவிகளை அது தொடவில்லை. சட்டம் எட்டாத இடத்திலும் மனச்சாட்சி உண்டு.

தனக்கென்று வாங்கியதைப் பின்னால் பணமுடையால் விற்கிறவரை இந்தக் கண்டனம் சேராது; அவர் மனம் கலங்க வேண்டாம். வாங்கத் துடிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: 2023 ஜனவரியில் அக்கருவியின் தட்டுப்பாடு நீங்கியதாக அதன் கம்பெனியே அறிவித்தது. பொறுத்தவர்கள் கடை விலைக்கே வாங்கினார்கள். நாம் அவசரப்படாவிட்டால் அவர்கள் யாரிடம் விற்பார்கள்?

ஆகையால், விற்குமுன் உங்களை நீங்களே கேளுங்கள்: "என்னால் இவருக்கு என்ன கிடைத்தது?" உழைப்போ, பயணமோ, துணிவோ அதற்கு விடையானால், கூலியைச் சந்தோஷமாய் வாங்குங்கள். ஒன்றுமில்லை என்று மனச்சாட்சி சொன்னால், வாங்கின விலைக்கே கொடுத்துவிடுங்கள்.