பிறர் துயரில் நாம் காணும் இன்பம்

அரவம் தீண்டி மாண்ட மகனை மடியில் கிடத்திச் சந்திரமதி புலம்பும்போது, அரிச்சந்திர நாடகம் காண்போர் யாவரும் கண்ணீர் வடிக்கிறோம். நாடகம் முடிந்ததும், நன்றாகப் பாடினாள் என்று மெச்சியவாறு மனநிறைவோடு இல்லம் திரும்புகிறோம். பிறர் துயரைப் பாட்டாகக் கேட்டு இன்புறுதல் அறமாகுமா?

இவ்வினா புதியதன்று. இளமையில் கார்த்தேஜ் நகர அரங்குகளில் அழுது மகிழ்ந்த புனித அகுஸ்தினார், பின்னாளில் தம் வாழ்வை ஆய்ந்தபோது இதனை எழுப்பினார். அரங்கில் நாம் வருந்த அழைக்கப்படுகிறோமேயன்றி, உதவ அழைக்கப்படுவதில்லை. உதவ முன்வராத இரக்கம் இரக்கம்தானா என்று அவர் ஐயுற்றார்.

ஆயினும் புலம்பல் பாடலே குற்றமுடையது எனல் பொருந்தாது. திருச்சபையும் புனித வாரத்தில் எரேமியாவின் புலம்பலைப் பாடுகிறதன்றோ? அமெரிக்கக் கறுப்பின மக்களின் 'புளூஸ்' பாடல், ஓரடியை இருமுறை பாடி மூன்றாம் அடியில் மறுமொழி தருவது. நம் ஒப்பாரியைப் போல, அதுவும் தாங்கவொண்ணாத் துயருக்கு ஓர் ஒழுங்கு தந்து, அதனைத் தாங்கச் செய்கிறது.

அவ்வாறாயின் குற்றம் எங்கே? 'புளூஸ் பேரரசி' எனப் போற்றப்பட்ட பெஸ்ஸி ஸ்மித் 1937-இல் சாலை விபத்தில் இறந்தார். அவர் குரலை இசைத்தட்டுகளில் சுவைத்த உலகம், 33 ஆண்டுகள் அவர் கல்லறைக்கு ஒரு கல்லும் நாட்டவில்லை. 1970-இல் அக்கல்லுக்குப் பொருள் தந்தோர் இருவர்: பாடகி ஜானிஸ் ஜாப்ளினும், சிறுமியாய் பெஸ்ஸியின் வீட்டில் பணிபுரிந்த ஒரு பெண்மணியும். 1982-இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் 'புளூஸ் இன் தி நைட்' என்னும் இசை நாடகம் பெஸ்ஸியின் பாடல்களை மீண்டும் ஒலிக்கச் செய்தது. பாட்டை நினைத்தோர் பலர். பாடியவரை நினைத்தோர் சிலரே.

நம் புதுவை இதில் சற்றுப் பேறு பெற்றது. 1922-இல் இந்நகரில் மறைந்த நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் கல்லறையைக் கருவடிக்குப்பத்தில் நாடகக் கலைஞர்கள் இன்றும் போற்றி வருகின்றனர். ஆனால் நம் இழவு வீடுகளில் கூலிக்கு ஒப்பாரி பாடும் பெண்களை நாம் எங்கே நிறுத்துகிறோம்? அவர்தம் குரல் நம் நெஞ்சை உருக்குகிறது. அவர்களோ வாசலுக்கு வெளியே நின்று, கூலி பெற்று, பந்தியில் இடமின்றித் திரும்புகின்றனர்.

அகுஸ்தினாரின் கண்டிப்பு இங்கேதான் நம்மைத் தொடுகிறது. அழுகைப் பாடலைக் கேட்டு நாம் இன்புறலாம். கேட்டபின், பாடியவளை உள்ளே அழைத்து அமரச் செய்து, அவள் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்றும் வினவுவோமாக.